‘காணும்’ என்றார் விசில்காரர்

திருகோணமலையில் நான் இருந்தது ஐந்தே நாட்கள். கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். கோயிலைப் பார்த்தேன், கிணறுகளைப் பார்க்கவில்லை. ஒரு மனிதரைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த ஒற்றை வரியின் பின்னால் அலைந்ததில் மிச்ச நாட்கள் போய்விட்டன. அந்த வரியை எழுதியது தப்பு என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். எப்படி எழுதினேன் என்பதுதான் மீதிக் கதை.

நான் நாகர்கோவில்காரன். மோட்டார் வாகன ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எட்டுப் போடச் சொல்லி, பின்னால் எடுக்கச் சொல்லி, மேட்டில் நிறுத்திக் கிளப்பச் சொல்லி, தேறியவர்களையும் தேறாதவர்களையும் பிரித்து அனுப்புவதிலேயே என் காலம் கழிந்தது. அதனால்தான், இலங்கையில் ஒரு டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள் என்று மகன் போனில் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. எழுபத்து மூன்று வயதில் கார் ஓட்டத் தெரியாதா எனக்கு என்று கேட்டேன். உண்மைக் காரணம் வேறு. டிரைவர் என்றால் பேச்சுக் கொடுப்பார். அம்மா வரலையா என்பார். என் மனைவி போன ஆவணியில் இறந்துவிட்டாள். இந்தப் பயணமே அவள் ஆசைப்பட்டது. நான்தான் ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இலங்கையில் சாலைகள் நன்றாக இருக்கின்றன. நம்மைவிடக் குறைவாக ஹாரன் அடிக்கிறார்கள். ரோட்டைக் கடக்க மஞ்சள் கோட்டில் ஒருவர் கால் வைத்ததும் பஸ் நின்றதைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வரவில்லை. பின்னால் வந்த நான் கிட்டத்தட்ட அதில் மோதப் பார்த்தேன். ஆனால் ஊருக்கு ஊர் ஒரு விசில்காரர் இருக்கிறார். கோயில் வாசலில், சந்தை முனையில், கடற்கரையில். சீருடை மாதிரி ஏதோ போட்டிருப்பார். காரை இங்கே விடு, அங்கே விடாதே என்பார், நடு ரோட்டில் நின்று லாரியை மறித்து நமக்கு வழி விடுவார். யாரும் அவரை நியமிக்கவில்லை. கை நீட்டிக் கேட்பதுமில்லை, கொடுத்தால் வாங்கிக்கொள்வார். நம் ஊரிலும் இப்படி ஆட்கள் உண்டு. பதவியில் இருந்த நாளில் அப்படிப்பட்டவர்களை விரட்டியிருக்கிறேன். இங்கே விரட்ட முடியாததால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்க்காததுபோல் போனேன். முதல் நாள் முழுக்க அப்படியே ஓடியது. அன்று நான் வாய் திறந்து பேசியது பெட்ரோல் போடும் இடத்தில் மட்டும்.

இரண்டாம் நாள் காலை துறைமுகப் பக்கம் போனேன். மூதூர்ப் படகு வந்து நிற்கும் ஜெட்டிக்கு முன்னால் ரோடு திடீரென்று ஒடுங்குகிறது. மீன் லாரி ஒரு பக்கம் திரும்ப, ஆட்டோக்கள் மறுபக்கம் நுழைய, நடுவில் இரண்டு மான்கள் நின்று வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தன. நம் ஊர் மாடுகள் மாதிரி இந்த ஊரில் மான்கள் ரோட்டில் திரிகின்றன. யாரும் அதிசயப்படுவதில்லை. நான் மட்டும் காரை நிறுத்தி வாய் பிளந்து பார்த்ததில் பின்னால் நாலு வண்டி நின்றுவிட்டது.

அப்போதுதான் அவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நரைத்த மீசை, வெளுத்துப்போன ஆரஞ்சு மேலங்கி, கழுத்தில் கறுப்பு நூலில் விசில். குனிந்து, ஏற்றியிருந்த கண்ணாடிக்கு வெளியிலிருந்து சொன்னார்:

“ஐயா, இதில விடுங்கோ. லொறி வரப்போகுது. றிவேர்சில வாங்கோ, நான் பாக்கிறன்.”

நீ பார்க்க வேண்டாம், எனக்குத் தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பின்னால் எடுத்தேன். அவர் பின்பக்கம் போய் நின்றார். கண்ணாடி வழியாகக் குரல் அமுங்கிக் கேட்டது. “வாங்கோ… வாங்கோ… கொஞ்சம் வெட்டுங்கோ… வாங்கோ… காணும்.”

எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் ‘வீட்டில ஆள் காணும்’ என்றால் வீட்டில் ஆள் இருக்கும் என்று பொருள். ‘இடம் காணும்’ என்றால் இடம் இருக்கிறது. நான் தாராளமாக வந்தேன்.

“காணும் ஐயா, காணும்!”

சரி, இன்னும் நிறைய இடம் இருக்கிறது போல என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். படகுக் கயிறு கட்டும் பழைய இரும்புக் குற்றி ஒன்று முழங்கால் உயரத்தில் அங்கே நின்றிருக்கிறது. கண்ணாடியில் தெரியாத உயரம். பின் விளக்கு நொறுங்கி, பம்பர் உள்ளே போயிற்று.

இறங்கினேன். பத்திருபது பேர் கூடிவிட்டார்கள். தேர்வு வைத்தவன் தேர்வில் தோற்று நிற்பதுபோல் இருந்தது. “வரச் சொன்னது நீங்கதானே” என்று கத்தினேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “நான் காணும் எண்டெல்லோ சொன்னனான்” என்றார். “அதைத்தான் நானும் சொல்றேன்” என்றேன். லாரிக்காரன் ஹாரன் அடிக்க, விசிலை வாயில் வைத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டார்.

வாடகைக் கார் என்பதால் காப்புறுதிக்கு, நம் ஊர் இன்ஷூரன்ஸுக்கு, போலீஸ் பதிவு வேண்டும். முனையில் நின்ற கான்ஸ்டபிள் ஒரு தாள் கொடுத்து, நடந்ததை எழுதித் தரச் சொன்னார். பழைய உத்தியோகம் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. நல்ல ஆங்கிலத்தில் வரிசையாக எழுதினேன்: அதிகாரமற்ற நபர், தவறான சைகை, அதனால் சேதம். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அந்த நபர் மது அருந்தியிருந்ததாகத் தோன்றியது.

அப்படித் தோன்றவே இல்லை. விபத்து அறிக்கைகளில் எழுதி எழுதிப் பழகிய வரி அது. அறிக்கைக்கு ஒரு முடிவு வந்ததுபோல் இருக்கும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் தங்கியிருந்தது றீற்றா ரீச்சர் என்பவரின் வீட்டு மாடியறை. ரீச்சர் என்பது டீச்சர்தான். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. கத்தோலிக்கர். பிள்ளைகள் கனடாவில். முதல் நாள் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்ததால் அன்று மாலைதான் அவர் மேசையில் உட்கார்ந்தேன். இடியப்பம், பாரை மீன் குழம்பு, தேங்காய்ப் பாலில் செய்த சொதி. பரிமாறும்போதே கேள்வி கேட்பது அவர் வழக்கம். நான் விபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அகப்பையால் சொதியை ஊற்றிக்கொண்டே, “காணுமோ ஐயா?” என்றார்.

“எது காணுமா?”

“சொதி. காணுமோ, இன்னும் விடட்டோ?”

இடியப்பம் சொதியில் மிதக்கத் தொடங்கியது. நான் கையைக் குறுக்கே நீட்டவில்லை. ‘காணாது’ என்றால் போதாது என்று எனக்குத் தெரியும், எங்கள் பக்கமும் சொல்வோம். அப்படியானால் காணும் என்றால் போதும். இது எட்டாம் வகுப்புப் பையனுக்கு எட்டும். மொழியறிவில் எனக்குக் கர்வம் வேறு உண்டு. போதும், போதும் என்று அந்த மனிதர் சொல்லச் சொல்ல நான் இடித்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை ஜெட்டிக்குப் போனேன். ரோட்டில் விசில் சத்தம் இல்லை. லாரியும் ஆட்டோவும் முகத்தோடு முகம் முட்டி நின்றன. எதிரே ஒரு தேநீர்க் கடை. கடைக்காரரை எல்லோரும் சிவமண்ணை என்றார்கள். நான் வாசலில் நின்று கேட்டேன்.

“அந்த விசில்காரர் இருக்காரா? அவரிடம் பேசணும்.”

சிவமண்ணை தேநீர் ஆற்றுவதை நிறுத்தினார். “பேசோணுமோ? நேற்றுப் பேசினது காணாதோ?”

“நேத்து சரியாப் பேசலை. இன்னைக்கு முழுசாப் பேசிடணும்னு வந்தேன்.”

பெஞ்சில் பத்திரிகை வைத்திருந்த கிழவர் தலை நிமிர்த்தினார். “பாத்தியே சிவம். இந்தியாவில இருந்து பிளேன் பிடிச்சு வந்து பேசுறார்.” நாலைந்து பேர் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

“ரெண்டு நிமிஷம் போதும். வீட்டு அட்ரஸ் சொன்னா அங்கேயே போய்ப் பேசுறேன்.”

“வீட்டுக்குப் போயோ?” சிவமண்ணை தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் தேநீர் தளும்பியது. “அந்த மனுசனுக்கு இப்ப வீடு ஏது ஐயா? குடிச்சவர் எண்டு எழுதிக் குடுத்தனீங்களாமே. பொலிஸ்காரன் எல்லாருக்கும் முன்னால வாசிச்சுக் காட்டிப்போட்டு, இனி இதில நிக்கப்படாது எண்டிட்டான். மீன் விக்கிற பெட்டையள் பின்னேரத்துக்கிடையில கதையை அவரின்ர ஊர் சாம்பல்தீவுக்குக் கொண்டுபோயிட்டினம். ஒன்பது மாசம் ஒரு சொட்டுத் தொடாத மனுசன். இனித் தொட்டால் வீட்டில வைக்கமாட்டன் எண்டு மனுசி சொல்லி வச்சவ. இப்ப படலை பூட்டியிருக்கு. யோகண்ணை நிண்டு கத்திப் பாத்தார். அவ திறக்கேல்லை.”

கிழவர் சேர்ந்துகொண்டார். “முந்திக் குடிச்சவர்தானே. ஆர் நம்புவினம்?”

“என்ர கடையில வச்சு ஒருத்தரையும் பேச விடமாட்டன்” என்றார் சிவமண்ணை. “தேத்தண்ணி குடிக்கிறதெண்டால் இருங்கோ.”

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். அந்த வரி பொய் என்று சொல்ல நாலு வார்த்தை போதும். சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். விசில்காரர், யோகராசா என்பது அவர் முழுப்பெயர், அப்போது கடைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

றீற்றா ரீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வரியைத் தவிர. பிறகு அதையும் சொன்னேன். அவர் மேசைத் துணியை நீவினார். பிறகு முதலில் கேட்டது இது:

“அங்க போய் என்ன சொன்னனீங்கள்? பேசோணும் எண்டோ?”

“ஆமா.”

“பேசுறது எண்டால் இஞ்ச ஏசுறது ஐயா. திட்டுறது. கதைக்க வந்தனான் எண்டு சொல்லியிருக்க வேணும்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். எனக்கு வரவில்லை. முப்பத்தெட்டு வருஷம் நான் காரைப் பின்னால் எடுத்தபோதெல்லாம் என் மனைவி ராஜம் வாசலில் இறங்கி நின்று, வாங்க, வாங்க, போதும் என்று சொல்வாள். எந்த அலுவலகம் அவளை நியமித்தது? நான் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. நீ சும்மா இரு, எனக்குத் தெரியும் என்று தெருவே கேட்கக் கத்துவேன். அவள் மறுநாளும் வந்து நிற்பாள். நான் அவளோடு பேசியதெல்லாம் இந்த ஊர்க் கணக்கில்தான் பேச்சு. கதைத்தது குறைவு. அவள் போன பிறகு நான் காரை வீட்டுக் காம்பவுண்டுக்குள் விடுவதே இல்லை, தெருவிலேயே நிற்கிறது.

“அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும்” என்றார் ரீச்சர். யோகராசாவின் மனைவியைச் சொன்னார். “புவனா. என்னட்டப் படிச்சவ. நான் கூட வரட்டோ?”

வேண்டாம் என்றேன்.

“அப்ப போங்கோ. அங்க போய்ப் பேசிப்போடாதேங்கோ.”

நான்காம் நாள் முதலில் கான்ஸ்டபிளிடம் போனேன். அந்த வரி பொய் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இப்படியென்றால் காப்புறுதி கிடைக்காது என்று, வராத தமிழில் எனக்காக வருத்தப்பட்டார். ஆளை வரச் சொல்லுங்கள், நிற்கட்டும் என்றும் சொன்னார். இது சுலபமாக முடிந்தது.

சாம்பல்தீவு ஊருக்கு வடக்கே, கடலை ஒட்டி. கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். தகரப் படலை, நம் ஊர் கேட்தான். உள்ளே கிணற்றடியில் ஓர் அம்மாள் வெங்காயத்தாளைக் கட்டுக் கட்டாகக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

“அம்மா, கதைக்க வந்தேன்.”

“ஆர் நீங்கள்?”

“உங்க வீட்டுக்காரரைப் பற்றிப் போலீஸ்ல எழுதிக் கொடுத்தவன்.”

அவர் எழுந்திருக்கவில்லை. “அதுக்கு?”

“அது பொய். அவர் குடிச்சிருக்கலை.”

“வாயை மணந்து பாத்தனீங்களோ?”

“இல்லை. கார்க் கண்ணாடியையே இறக்கலை.”

“பிறகேன் எழுதினனீங்கள்?”

எத்தனையோ காரணங்களை யோசித்து வைத்திருந்தேன். வெயில், அவமானம், புது ஊர். “பழக்கம்” என்றேன். “என் வேலையில அப்படி எழுதிப் பழகிட்டேன்.”

“பழக்கமோ.” அவர் ஒரு கட்டை உதறினார். தண்ணீர் என் கால்வரை தெறித்தது. “அந்த மனுசனும் இதைத்தான் சொல்லுறவர். பழக்கம், பழக்கம் எண்டு. இருபது வருசமாச் சொன்னவர்.”

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. கடைசிக் கட்டையும் அடுக்கி முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படலைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“சத்தியமாக் குடிக்கேல்லையோ?”

“சத்தியமா இல்லை.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார். “என்ர படலையில வந்து சொன்னால் ஆருக்குக் கேக்கும்? எங்க வச்சு அந்தாளைக் குடிகாரன் எண்டீங்களோ, அங்க வந்து சொல்லுங்கோ.”

“இப்பவே வர்றேன். கார்ல ஏறுங்க.”

“உங்கட காரில நான் ஏறமாட்டன். பஸ்ஸில வாறன்.”

அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஊர்வரை வந்தேன். நிற்கிற இடத்தில் எல்லாம் நானும் நின்றேன். முந்திப்போக இடம் இருந்தது, போகவில்லை. பின் கண்ணாடியில் அவருடைய தலை தெரிந்தது. ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

சிவமண்ணை கடையில் மத்தியானக் கூட்டம். புவனா முன்னால் நுழைய, பேச்சு நின்றது. யோகராசா குசினி வாசலில் வந்து நின்றார். இரண்டு நாள் தாடி. மேலங்கி கையில் மடித்து இருந்தது.

நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். என் பெயர், நான் பார்த்த வேலை, ‘காணும்’ என்றால் என்னவென்று தெரியாமல் இடித்தது, எழுதியது, எழுதியது பொய் என்பது. கான்ஸ்டபிளிடம் சொல்லியாயிற்று, இனி அவர் நிற்கலாம் என்பது. யாரும் சிரிக்கவில்லை. பத்திரிகைக் கிழவர் மட்டும், “காணும் விளங்கேல்லையாம்” என்று பக்கத்து ஆளிடம் மெதுவாகச் சொன்னார்.

“கேட்டியளே” என்றார் புவனா. கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். “வாங்கோ, வீட்ட போவம்.”

யோகராசா என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

“ரெண்டு நாள் படலையடியில நிண்டு சொன்னனான். பிள்ளையளில சத்தியம் பண்ணிச் சொன்னனான். வாயை மணந்து பார் எண்டு சொன்னனான். நீ கதவு திறக்கேல்லை.” அவர் குரல் உயரவே இல்லை. “இவர் ஆர் எண்டு உனக்குத் தெரியுமோ? ஒருக்கா வந்து சொன்னவர். உடன நம்பிட்டாய்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டீங்கள் ஐயா. காரியம் முடிஞ்சுது” என்றார் யோகராசா.

வெளியே மீன் லாரியும் சாம்பல்தீவுக்குத் திரும்பும் பஸ்ஸும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு அலறின. அவர் மேலங்கியைப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். லாரியைப் பின்னால் தள்ளவைத்து, ஆட்டோக்களை ஓரம் கட்டி, பஸ் திரும்ப இடம் பிடித்தார். புவனா கொஞ்ச நேரம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சிவமண்ணை வைத்த தேநீரைத் தொடவில்லை. பிறகு எழுந்துபோய் பஸ்ஸில் ஏறினார்.

பஸ் திரும்பும்போது புவனா இருந்த ஜன்னல் யோகராசாவுக்கு மிக அருகில் வந்தது. அவர் வெளியே குனிந்து கேட்டது கடைவரை கேட்டது.

“பின்னேரம் வருவீங்களோ?”

யோகராசா வாயிலிருந்து விசிலை எடுக்கவில்லை. இரண்டு முறை ஊதி, பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அது வளைவில் மறையும்வரை ரோட்டின் நடுவிலேயே நின்றார்.